தூக்கிய கையை இறக்கிய எங்கள் சத்தியபாய் அம்மையாருக்கு

வாசல்தோறும் வணக்கம் சொல்லி, வந்த வேலை மறவாமல், வாய்விட்டுச் சிரித்து, வாங்கிய விவரத்தை வழுவாமல் எழுதிய வாய்மைச் செல்வியே! நாஞ்சில் நாட்டு நெல்வயல் வரப்பும் நெய்தல் நிலத்து நெடுமணற் பரப்பும் நடந்து நடந்து நன்கறிந்த நல்லாளே! வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை, வசதி படைத்தோர்க்கும் வறியோர்க்கும் ஒரே குரல், உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒரே பேனா என முப்பது ஆண்டுக்கும் மேலாகப் புள்ளியியல் பணி புரிந்து இன்று ஓய்வு பெறும் பெருமாட்டியே! புள்ளியியல் ஆய்வாளர் திருமதி சத்தியபாய் அம்மையாரே! வருக, அமர்க, எளியோம் எங்கள் அன்பை ஏற்றருள்க!

போதும். இதற்கு மேல் ஓர் அடைமொழி வைத்தாலும் காப்பி எடுக்கும் சாக்கில் நீங்கள் வெளியே போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். போன வாரமே கண்டித்துச் சொல்லிவிட்டீர்களே! "மடல் எழுதுதியளா? எழுதுங்க. வேண்டாம்னு சொன்னா கேக்கவா போறிய? ஆனா இமயம், சிகரம், கலங்கரை விளக்கம்னு ஒண்ணும் போடப்படாது. நான் செய்து நீங்க கண்டத மட்டும் எழுதணும். காணாதத எழுதுனா மேடையில வச்சே அடிச்சுத் திருத்துவேன், கேட்டியளா?"

கேட்டோம் அம்மா. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் உங்களுக்குக் கூச்சம், எங்களுக்கு நாக்குழறல். ஆகவே நீங்கள் இந்த அரங்கிலேயே இல்லாதது போலவும், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் உறவினருக்கு உங்கள் கதையைச் சொல்வது போலவும், இனி "சத்தியபாய் அம்மா" என்றே சொல்லப் போகிறோம். சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். மனத்துக்குள் நடந்தது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று முறைக்க வேண்டாம். பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவரிடம் எதையும் ஒளிக்கத் தெரியாத ஆள் நீங்கள். உங்கள் வாயால் நீங்களே சொன்னதையும் நாங்கள் கண்டதாகவே கணக்கு வைத்துக்கொண்டோம்.

சத்தியபாய் அம்மாவுக்கு ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தால் அவருக்குள் ஒன்பது கேள்வி இருக்கும். ரப்பர் தோட்டத்துக் கணக்கெடுக்கப் போனால், பட்டையை ஏன் சாய்த்து வெட்டுகிறார்கள் என்று கேட்பார். மரச்சீனிக் கிழங்கு விளைச்சல் கேட்கப் போனால், எந்த மண்ணில் கசக்கும் எந்த மண்ணில் இனிக்கும் என்று தெரிந்துகொண்டுதான் திரும்புவார். அவரோடு களப்பணிக்குப் போனால் மத்தியானச் சாப்பாடு மாலையில்தான். அந்த வகையில் எங்கள் வயிறுகள் பட்ட பாட்டையும் இந்த மடலில் பதிவு செய்கிறோம்.

அப்படிப்பட்டவரின் கைக்கு இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஒரு புதுக் கணக்கெடுப்பு வந்து சேர்ந்தது. ஒரு நாட்டில் எத்தனை பேருக்குக் கணினித் திறன் இருக்கிறது, இருக்க வேண்டியது எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம், அந்தப் பள்ளத்தை எந்த ஊரில் எந்தப் பயிற்சியால் நிரப்புவது என்று கண்டுபிடிக்கும் கணக்கெடுப்பு. தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் திரையில் படம் போட்டு விளக்கினார். உலகத்தில் எல்லா நாடுகளும் இன்று இதைத்தான் அளந்துகொண்டிருக்கின்றன என்றார். எங்களில் பாதிப் பேர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் எழுந்து நின்றார்.

"சார், நெல்லளக்க மரக்கால் இருக்கு. ரப்பர் பாலுக்கும் அளவு இருக்கு. ஒருத்தருக்க திறமைய எதுல அளக்கது?"

"வீடு வீடாகப் போய்த் தெரியுமா என்று கேட்போம் அம்மா."

"தெரியும்னு சொன்னா?"

"ஆம் என்று எழுதுவோம்."

"அவ்வளவுதானா? அவங்க சொன்னா நாம எழுதுகது, நாம எழுதுனா நாடு நம்புகதா?"

அதிகாரி சிரித்தார். நம்பித்தானே ஆக வேண்டும் என்றார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பதில் தொண்டையில் முள்ளாகவே நின்றது என்று திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னார்.

அந்தச் சுற்றில் அவருக்குக் கிடைத்தவை இரண்டு ஊர்கள். ஒன்று கடற்கரையில் பனவிளைத்துறை. மற்றது இரணியலுக்குப் பக்கத்தில், அம்மாவின் வீட்டுக்கு அடுத்தே இருக்கும் மாங்கூட்டுவிளை.

பனவிளைத்துறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் மரியானிடம் கேட்டார், கணினி இயக்கத் தெரியுமா என்று. மரியான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நமக்கு எங்கம்மா கம்ப்யூட்டரு? அதெல்லாம் படிச்ச பிள்ளையளுக்குள்ளது. தெரியாதுன்னு எழுதிக்கோங்க." வள்ளத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஜிபிஎஸ் கருவி அவர் பக்கத்திலேயே ஒரு துண்டின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. வளைகுடாவில் இருக்கும் மகனைக் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்த அவர் மனைவி வியாகுலம்மாளும், "எனக்கும் தெரியாது, எழுதும்மா" என்றார். அந்தத் தெரு முழுக்க அதே பதில். அம்மா வரிசையாக "இல்லை" போட்டுக்கொண்டே போனார்.

மாங்கூட்டுவிளையில் கதையே வேறு. நேசம்மாள் வீட்டில் கேள்வி கேட்டதும் அவர் சுவரைக் காட்டினார். "கண்ணில்லியா சத்தியபாய்? அன்னா தொங்குதுல்லா சர்ட்டிபிகேட்டு! எனக்க மக ஸ்மிதாக்குள்ளது."

வெளியூர் உறவினருக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். நம் பக்கத்து முன்னறைச் சுவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் கல்யாணப் படம், ஒரு பக்கம் வேத வசனம், மறுபக்கம் சந்திப்பில் உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் போய் வந்ததற்கான சான்றிதழ், தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பிக்கு முன்பு அதைத்தான் எழுந்து நின்று வாசிப்பார்கள். சட்டம் தொங்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும், தொங்காத வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது. இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சத்தியபாய் அம்மா வீட்டிலும் அப்படி ஒன்று தொங்கியது. இரண்டாயிரத்து நான்கில் அலுவலகம் அனுப்பி வைத்த பயிற்சியில் வாங்கியது. ஆகவே அவரும் கண்ணாடிக்குள் இருந்த பெயரைச் சரிபார்த்து "ஆம்" என்று எழுதினார். அடுத்த வீட்டிலும் "ஆம்", அதற்கடுத்த வீட்டிலும் "ஆம்".

அந்தத் தாள்கள் மாவட்டத்துக்குப் போயின, மாநிலத்துக்குப் போயின, நாட்டின் கணக்கில் கலந்தன. அடுத்த ஆண்டு இலவசப் பயிற்சிக்கு இடம் தேர்ந்தபோது, மாங்கூட்டுவிளைக்கு நேரே "தேவையில்லை" என்று வந்தது. பனவிளைத்துறைக்கு நேரே "அடிப்படையிலிருந்து தொடங்குக" என்று வந்தது.

இனி, அம்மாவின் வாழ்க்கையில் வந்த பெரிய வெப்ராளம், அதாவது மனப்பதைப்பு. இரண்டாயிரத்துப் பதினான்கில் காகிதப் படிவம் போய், டேப் என்னும் கையடக்கக் கணினி வந்தது. எல்லோருக்கும் செய்முறைத் தேர்வு உண்டு, தேறியவர்கள் களப்பணிக்குப் போகலாம், தேறாதவர்கள் பதிவறையில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த அம்மாவுக்கு இது இடி. தூசி அவருக்கு ஆகாது. பேச ஆளில்லாத அறை அதைவிட ஆகாது. வாசல் வாசலாக நின்று கேள்வி கேட்டே வாழ்ந்த மனுஷியை நாலு சுவருக்குள் கோப்போடு உட்கார வைத்தால் என்ன ஆவார் என்று எங்களுக்கே பயமாக இருந்தது.

எங்கள் உதவி இயக்குநர் திரு. சுந்தரராஜ் அவர்கள் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். "கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்."

அம்மா தூக்கினார். பொய்யாகத் தூக்கவில்லை. சான்றிதழ் இருந்தது, தூக்கினார். அவரைப் போல இன்னும் சிலரும் தூக்கினார்கள். அப்புறம்தான் அறிவிப்பு வந்தது. கை தூக்காதவர்களுக்கு மட்டும் எங்கள் அலுவலகத்து ஷைஜா பயிற்சி கொடுப்பார், கை தூக்கியவர்கள் ஆளுக்கொரு டேப் வாங்கி வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். தெரியாதவர்கள் எல்லோரும் பயிற்சி அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. தெரிந்தவர்கள் வராந்தாவில் டேப் பெட்டியோடு நின்றார்கள். ஷைஜா அப்போது வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பெண். கதவைச் சாத்தும்போது அவர் தம் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க வந்தது போலவும், கேட்காமல் விட்டது போலவும் தோன்றியது என்று பின்னால் அம்மா எங்களிடம் சொன்னார்.

வீட்டுக்குப் போய் அம்மா பெட்டியைத் திறந்தார். வெளிச்சம் வந்தது. விரல் வைத்தால் படம் ஓடியது, ஓடிய படத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. மறுபடி வைத்தால் அது பேச ஆரம்பித்தது. வாயை மூடு என்று இவர் அதட்ட, அது ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொன்னது. அப்போதுதான் சுவரில் தொங்கிய சான்றிதழை அவர் சரியாகப் பார்த்தார். அந்தப் பயிற்சியில் நாலு பேருக்கு ஒரு கணினி. அம்மா ஓரத்து நாற்காலி. சுட்டி எப்போதும் வேறொருவர் கையில்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிரூட்டிய அறைக்குள் போய், குளிர்ந்து, வெளியே வந்து செருப்பைப் போட்டதுதான் அவர் படித்த படிப்பு. இத்தனை நாளும் இது நமக்குத் தோன்றவே இல்லையே என்று அவருக்கே வியப்பாகிவிட்டது.

சரி, யாரிடமாவது கேட்போம் என்று யோசித்தபோது ஸ்மிதாவின் நினைவு வந்தது. தாமே "ஆம்" என்று எழுதிய பிள்ளையாயிற்றே! ஏத்தங்காய் வறுவல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, டேப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, நேசம்மாள் வீட்டுக்குப் போனார். நேசம்மாளுக்கு ஒரே பெருமை. "பாத்தியாட்டி, கவர்மெண்டே ஒனக்கிட்ட படிக்க வந்திருக்கு!" என்று மகளை முன்னால் தள்ளினார். ஸ்மிதா டேப்பை வாங்கிப் பார்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி பார்த்தாள். பிறகு அம்மையைக் காப்பி போட அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்டப்படாது. எனக்கும் இது தெரியாது."

"ஏட்டி, பின்ன அன்னா தொங்குதே!"

"அது தொங்கத்தான் செய்யுது."

அந்தக் கணமே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்மிதாவின் கண் நிறைவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எங்க சென்டர்ல ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேரு. மௌஸ் எனக்க கைக்கு வந்ததே இல்ல. போன மாசம் களியக்காவிளையில ஒரு பெரிய கடைக்கு பில் போடுக வேலைக்குப் போனேன். தெரியுமான்னு கேட்டாவ, தெரியும்னேன். உக்கார வச்சாவ. ஸ்கிரீனப் பாத்துட்டே இருந்தேன். ஆளு வரிசையில நிக்குது. பேசாம எழும்பி வந்துட்டேன். அம்மைக்கு இதொண்ணும் தெரியாது. நீங்க அண்ணைக்கு எழுதும்போ நான் கதவுக்குப் பொறத்தாலதான் நிண்ணேன். தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. ஏன் அம்மா, நம்ம ஊருக்கு அந்த இலவச கிளாஸ் எப்பம் வரும்?"

வராது என்பது சத்தியபாய் அம்மாவுக்குத் தெரியும். ஏன் வராது என்பதும் தெரியும். "தேவையில்லை" என்று வந்ததே, அது இவர் பேனாவிலிருந்து போய்த் திரும்பி வந்த சொல். நேசம்மாள் கொண்டுவந்த காப்பியை அவரால் குடிக்க முடியவில்லை. கடைசியில் ஆறிப்போன காப்பியைத் திருப்பிக் கொடுத்ததற்கு நேசம்மாளிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். தம்மைப் பயிற்சி அறைக்கு வெளியே நிறுத்தியதும், அந்தப் பிள்ளையின் ஊரைப் பயிற்சிக்கு வெளியே நிறுத்தியதும் ஒரே காரியம்தான் என்று அவருக்கு அந்த இடைவழியில் நடக்கும்போது பிடிபட்டது.

மறுநாள் காலையில் நடந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். பயிற்சி அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார். ஷைஜா பேச்சை நிறுத்தினார். உதவி இயக்குநர் அவர்களும் அங்கே இருந்தார்கள். அம்மா நடுவில் வந்து நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார், எல்லோரும் பார்க்கும்படி மெல்ல இறக்கினார்.

"சார், அண்ணைக்கு நான் தூக்குன கைய இண்ணைக்கு இறக்குதேன். எனக்குத் தெரியாது. கடைசி பெஞ்சு போதும், உக்காரட்டா?"

தன் மகள் வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறையில், இத்தனை ஆண்டுப் பணியை முதுகில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்ல எவ்வளவு வைராக்கியம் வேண்டும்! பிறகு வராந்தாவில் பெட்டியும் கையுமாக நின்றிருந்த, கை தூக்கிய மற்றவர்கள், ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்கள். நாற்காலி போதவில்லை. உதவி இயக்குநர் அவர்களும் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, குறிப்பெடுக்கத் தொடங்கியதை நாங்கள் கண்டோம். கண்டதை எழுதச் சொல்லி உத்தரவு என்பதால் எழுதுகிறோம். சார் பொறுத்தருள வேண்டும்.

தேர்வில் அம்மா தேறினார். முதலாவதாக அல்ல, கடைசிக்குச் சற்று முன்னால். ஆனாலும் பதிவறைச் சாவி வேறொருவர் கைக்குப் போனது. அந்த மகிழ்ச்சியில் எல்லோருக்கும் பழம்பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு நேரே உதவி இயக்குநர் அறைக்குள் போனார்.

"சார், மாங்கூட்டுவிளைக்கு நான் எழுதுனது செரியில்ல. திருத்தணும்."

"அம்மா, கணக்கு மேலே போய்விட்டது. இனி அது நாட்டின் கணக்கு."

"நாட்டுக்க கணக்கு எனக்க கை வழியாத்தானே சார் போச்சு? அங்க ஒரு பிள்ள வேலைக்குப் போய் உக்காந்துட்டு எழும்பி வந்திருக்கு. அதுக்கு எழுதுன 'ஆம்' என்னுது."

சுந்தரராஜ் சார் நல்ல மனிதர். விதியில் இடமில்லை என்று சொல்லி முடித்துவிடாமல், இடம் எங்கே இருக்கிறது என்று தேடினார். அடுத்த ஆண்டு வழக்கமான சுற்றில் அதே வீடுகளுக்குப் போகும்போது, தனித்தாளில் மறுபார்வைக் குறிப்பு எழுதிச் சேர்க்கலாம் என்று அனுமதித்தார். அந்தக் குறிப்புக்கு என்ன கேள்வி கேட்பது என்று கேட்டபோது அம்மா சொன்னார். "தெரியுமான்னு கேக்க வேண்டாம் சார். செய்து காட்டுங்கன்னு கேப்போம்."

இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஷைஜாவும் அம்மாவும் முதலில் பனவிளைத்துறைக்குப் போனார்கள். "மரியான் அண்ணே, தெரியாதுன்னு சொன்னிய. செரி. அந்தப் பெட்டிய எப்படி ஓட்டுகியன்னு எனக்குக் காட்டுங்க." மரியான் வெட்கத்தோடு ஜிபிஎஸ்ஸை எடுத்தார். எடுத்த பிறகு வெட்கமெல்லாம் எங்கோ போயிற்று. கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடங்களை இவர்கள் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் ஒரு குறி போட்டு, பெயர் வைத்து, எந்தக் காற்றுக்கு எந்த வழியாகப் போவது என்று விரல் நுனியில் காட்டினார். அம்மாவுக்குக் கேள்விமேல் கேள்வி. இது என்ன, அது ஏன், இந்தப் பெயர் யார் வைத்தது? ஷைஜா கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

"இந்தக் குறியெல்லாம் வேற எடத்துல எடுத்து வச்சிருக்கியளா?"

"வேற எடமா? பெட்டி கேடாச்சுன்னா எல்லாம் போச்சு. முந்தின பெட்டி தண்ணியில விழுந்தப்ப அப்படித்தானே போச்சு!"

"அண்ணைக்கு வீட்டுல சாவுத் துட்டிக்கு ஆளு வந்த மாதிரி உக்காந்திருந்தாரு" என்றார் வியாகுலம்மாள். "எனக்கும் போன்ல மகனப் பாக்கத் தெரியும். மீன்பிடி தடைக்கால நிவாரணத்துக்கு கம்ப்யூட்டர்ல எழுதிப் போடணும்னா மட்டும் ஜங்ஷன் கடைக்குத்தான் ஓடணும்."

அம்மா தனித்தாளில் எழுதினார். கருவி இயக்கத் தெரியும். பதிந்ததைப் பிரதி எடுத்து வைக்கத் தெரியாது. படம் பார்த்துப் பேசத் தெரியும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. ஒற்றை "இல்லை"க்குள் இத்தனை "ஆம்" கிடந்ததையும், அந்த "ஆம்"களுக்கு நடுவே உண்மையான பள்ளம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்து, "ஏட்டி ஷைஜா, இது என்ன ரசமா இருக்கு!" என்று மணலில் நின்று வியந்தாராம்.

மாங்கூட்டுவிளையில் அவ்வளவு ரசமாக இல்லை. கையில் டேப்பைக் கொடுத்ததும், சுவரில் சட்டம் தொங்கிய வீடுகளில் பெரும்பாலும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். நேசம்மாள் கொதித்துவிட்டார்.

"எனக்க மகளுக்குத் தெரியும்னு நீதானே எழுதுன? இப்பம் நீயே தெரியாதுன்னு எழுதுனா, நாளைக்கு பொண்ணு பாக்க வாறவன் என்ன சொல்லுவான்? ஊருக்குள்ள நான் தலைநிமிந்து நடக்கண்டாமா சத்தியபாய்?"

"நேசம்மா, எனக்க வீட்டுலயும்தான் தொங்குச்சு. அத நம்பி கை தூக்குனேன். ஆபீஸ்ல நூறு பேருக்கு முன்னால இறக்கிட்டுத்தான் ஒனக்க வாசல்ல வந்து நிக்குதேன்." நூறு பேர் என்பது அம்மாவின் மிகைக்கணக்கு, புள்ளியியல் துறை சார்பில் திருத்திக்கொள்கிறோம்.

நேசம்மாள் மசியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஸ்மிதாதான் வெளியே வந்தாள். இந்த முறை அவளுக்கு வாய் வந்தது. "எழுதுங்கம்மா. தெரியாதுன்னே எழுதுங்க. கிளாஸ் வரட்டும்." நேசம்மாள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். வெளியே வரும்போது இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

குறிப்பு மேலே போனது. பல மாதம் ஒரு பதிலும் இல்லை. நாங்கள் மறந்தோம், அம்மா மறக்கவில்லை. கடைசியில் மாங்கூட்டுவிளை சபை மண்டபத்தில் பயிற்சி வந்தது, ஆளுக்கொரு கணினியாக. முதல் வரிசையில் ஸ்மிதா. இன்று அவள் களியக்காவிளையில் அதே கடையில் பில் போடுகிறாள். போன மாதம் நாங்கள் போய்ச் சாமான் வாங்கி, அவள் கை ஓடும் வேகத்தைக் கண்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். பனவிளைத்துறைக்கு அவர்கள் கேட்ட பயிற்சி இன்னும் வரவில்லை. அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டாம், இன்னின்னதைச் சொல்லிக்கொடுங்கள் என்று அம்மா எழுதிய கோப்பு இப்போது எங்கள் மேசையில். அதை விடாமல் துரத்துவது இனி எங்கள் பொறுப்பு என்று இந்த மேடையில் வைத்துச் சொல்கிறோம்.

இப்போது எங்களுக்கு வரும் படிவங்களில், தெரியுமா என்று கேட்பதற்குப் பதிலாகக் கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். எங்கள் அம்மா சொல்லித்தான் மாற்றினார்கள் என்று எழுத எங்களுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அதை நாங்கள் காணவில்லை. ஆகவே விட்டுவிட்டோம்.

கடைசியாக ஒன்று. போன மாதம் அதே படிவத்தோடு புதிய சுற்று தொடங்கியபோது, கணக்கெடுக்க வேண்டிய வீடுகளைக் குலுக்கித் தேர்ந்ததில் அம்மாவின் வீடே விழுந்தது. நம் வீட்டை நாமே கணக்கெடுப்பதா, மாற்றிவிடலாமே என்று சிலர் சொன்னோம். "விழுந்தது விழுந்ததுதான். மாத்தப்படாது. ஷைஜா வரட்டும்" என்றார். ஷைஜா போனார். கோப்பு இணைத்து மின்னஞ்சல் அனுப்பினீர்களா? ஆம், அனுப்பிக் காட்டினார். படத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினீர்களா? ஆம், மாற்றிக் காட்டினார். அட்டவணையில் சூத்திரம் போட்டுக் கூட்டுத்தொகை கண்டீர்களா?

"இல்ல."

ஷைஜாவின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. "அம்மா, போன வாரம் ஆபீஸ்ல செய்தியளே?"

"நீ செய்த. நான் கூட இருந்தேன். எழுது மக்கா, இல்லன்னு எழுது. எழுதுனாத்தான் யாராவது வந்து சொல்லித் தருவா."

ஷைஜா எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, சுவரில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வெளுத்த சதுரம் ஒன்று தெரிந்தது. சான்றிதழைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டிருந்தார் அம்மா. வெறும் சட்டம் மேசைமேல் கிடந்தது. "நல்ல தேக்கு, சும்ம கிடக்கு. எப்படியும் மடல் எழுதிச் சட்டம் போடத்தானே போறிய? இதுலயே போடுங்க. ஆனா சொல்லிட்டேன், நான் செய்யாதது ஒண்ணும் இதுக்குள்ள வரப்படாது."

நாங்கள் நெஞ்சாரப் போற்றும் அம்மையீர்! இதோ அந்தச் சட்டம். இதோ அதற்குள் அடங்கும் எங்கள் மடல். கேட்டதைக் கேட்டபடியும், கண்டதைக் கண்டபடியும், உள்ளதை உள்ளபடியும் எழுதியிருக்கிறோம். கூட்டுத்தொகை போடத் தெரியாது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்; வரும் சனிக்கிழமை ஷைஜா உங்கள் வீட்டுக்கு வருகிறார், அந்தப் பள்ளமும் நிரம்பட்டும். இந்த மடலை நீங்கள் அந்த வெளுத்த சதுரத்தின் மேலே தயங்காமல் மாட்டலாம்.

வழக்கப்படி இந்த இடத்தில், உடல்நலமும் உள்ளநிறைவும் குன்றாமல் நெடுங்காலம் நீங்கள் வாழ்வீர்கள் என்று எழுத வேண்டும். எழுதக் கை துடிக்கிறது. ஆனால் நாங்கள் அதை இன்னும் காணவில்லையே அம்மா, காணாததை எப்படி எழுதுவோம்? ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் உங்களிடமே விட்டுவிடுகிறோம். வாழ்ந்து காட்டுங்கள்.

இவண்,
உங்களோடு வாசல் வாசலாக நடந்து பசித்திருந்த
புள்ளியியல் அலுவலகப் பணியாளர்கள்
நாகர்கோவில், 2016